கச்சேரி கேசட்டில் கேட்ட இளையராஜா

இளையராஜாவைப் பற்றி எழுத இனிமேல் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். டீக்கடை, மினி பஸ், காதுகுத்து, கல்யாணம் என்று நம்ம பக்கம் அவர் பாட்டு கேட்காத இடமே கிடையாது. யூட்யூபில் ஒவ்வொரு பாட்டையும் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பேச ஒரு கூட்டமே இருக்கிறது. அதனால் ஒரிஜினல் பாட்டுகளைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

நான் எழுத வந்தது ஒரு கேசட்டைப் பற்றி. அதில் இருப்பது எல்லாமே இளையராஜா பாட்டுகள். ஆனால் எஸ்.பி.பி.யும் இல்லை, ஜேசுதாஸும் இல்லை, ஜானகியும் இல்லை. எங்க பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்று திருவிழாவில் வாசித்தது. சாதாரண டேப் ரிக்கார்டரில், மேடை ஓரத்தில் வைத்துப் பதிந்தது. இரைச்சல், விசில், நடுவில் "வெள்ளைச் சட்டை போட்ட தம்பி கீழே உக்காருப்பா" என்று ஒரு அறிவிப்பு, எல்லாம் அதில் உண்டு. :-)

அந்த மட்டமான பதிவைக் கேட்டால்தான் ஒரு இசையமைப்பாளர் உண்மையில் என்ன செய்தார் என்பது தெளிவாகத் தெரிகிறது என்பது என் கட்சி. அது தற்செயலாக நடப்பதல்ல. இளையராஜா எந்த வழியில் வந்தவர் என்ற வரலாற்றைப் பார்த்தால் அதற்கான காரணம் புரியும்.

கேசட் வந்த கதை

முதலில் கேசட். இப்போது முதல் வருடம் படிக்கும் ஜூனியர்களில் பாதிப் பேர் அதைக் கையில் தொட்டிருக்க மாட்டார்கள். பிலிப்ஸ் கம்பெனி 1963இல் அதை வெளியிட்டது. இந்தியாவில் அது வீட்டு வீடாகப் பரவியது 1970களின் கடைசியிலும் 1980களிலும்தான். அதற்கு முன்னால் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் ரேடியோ, இல்லாவிட்டால் இசைத்தட்டு. இசைத்தட்டும் அதற்கான பெட்டியும் பணக்கார வீட்டுச் சமாச்சாரம். அதோடு தட்டில் நாமாக எதையும் பதிய முடியாது.

கேசட் அதை மாற்றியது. டவுனில் இருந்த ரெக்கார்டிங் சென்டருக்குப் போய், வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிட கேசட்டிலோ 90 நிமிட கேசட்டிலோ பதிந்து கொடுப்பார்கள். இன்னொரு பக்கம், டேப் ரிக்கார்டரில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பதியலாம். பாட்டி தாலாட்டு, அண்ணன் மேடைப் பேச்சு, ஊர்க் கச்சேரி. அமெரிக்க இசை ஆய்வாளர் பீட்டர் மானுவல் இந்தியாவில் கேசட் செய்த இந்த மாற்றத்தைப் பற்றியே 1993இல் தனியாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

நான் சொல்லும் கேசட் 1989 பங்குனியில் பதிந்தது. பதிந்தவர் எங்க தாய்மாமா. அவர் அந்தக் குழுவில் தபேலா வாசித்தவர். வாசிக்க ஆறு பேர்: கீபோர்டு, கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ், தபேலா, புல்லாங்குழல். பாட ரெண்டு பேர். பகலில் ஒருத்தருக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை, ரெண்டு பேருக்குப் பட்டாசு ஆபீஸில், ஒருத்தருக்கு சிவகாசியில் அச்சாபீஸில். (வெளியூர் நண்பர்களுக்கு: எங்க பக்கம் தொழிற்சாலை எல்லாமே 'ஆபீஸ்'தான்.) தீபாவளிக்கு முன்னால் வேலை நெருக்கும், அப்போது கச்சேரி ஒத்துக்கொள்ள முடியாது. பங்குனி, சித்திரை, ஆடி என்று அம்மன் கோயில் பொங்கல் வரும் மாதங்கள்தான் அவர்களுக்கு சீசன்.

இத்தனை வருடம் பீரோவில் கிடந்த அந்த கேசட்டை, வீட்டில் மிஞ்சியிருந்த ஒரு டேப்பில் போட்டு, வயரை லேப்டாப்பில் சொருகி, போன லீவில் அடாசிட்டி மென்பொருளில் ஏற்றினேன். ஏற்றும்போது முழுவதையும் கேட்க வேண்டியிருந்தது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

டேப்பில் கேட்டது

'இளைய நிலா' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் வந்த பயணங்கள் முடிவதில்லை படம். ஒரிஜினலில் எஸ்.பி.பி. குரலின் இழைவு, கிடாரின் சுத்தம், பின்னால் வரும் வயலின்கள் எல்லாம் சேர்ந்து நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எது எதைச் செய்கிறது என்று யோசிக்கவே தோன்றாது. கேசட்டில் அந்த வசதி இல்லை. பாடுகிறவருக்கு ஜலதோஷம். வயலின் கூட்டம் கிடையாது. அதற்குப் பதில் ஒரு சின்ன கேசியோ கீபோர்டு. ஆனாலும் அந்தக் கிடார் தொடங்கியவுடன் கூட்டம் அடங்குவது டேப்பில் தெளிவாகக் கேட்கிறது. குரல் வருவதற்கு முன்னாலேயே பாட்டு நின்றுவிட்டது. அப்படியென்றால் அந்த முன்னிசை அலங்காரத்துக்காகச் சேர்த்தது இல்லை, பாட்டின் ஒரு பாதி.

அடுத்து 'பூவே செம்பூவே'. 1988, சொல்லத் துடிக்குது மனசு. மாமா டேப்பை வைத்திருந்த இடம் பேஸ் கிடார்காரரின் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில். அதனால் பாடுகிறவர் எங்கேயோ தூரத்தில் கேட்கிறார், பேஸ் கிடார் முன்னால் வந்து நிற்கிறது. சவுண்டு என்ஜினியர் யாராவது கேட்டால் அழுதுவிடுவார். ஆனால் எனக்கு அது ஒரு பாடம். மற்றப் பல பாட்டுகளில் பேஸ் கிடாரை மட்டும் தனியாகக் கேட்டால் 'டொம், டொம்' என்று தாளத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். இந்தப் பாட்டில் அது தனியாக ஒரு மெட்டு பாடுகிறது. மேலே குரல் ஒரு பக்கம் போகிறது, கீழே பேஸ் வேறு பக்கம் நடக்கிறது, சேர வேண்டிய இடத்தில் வந்து சேர்கிறது. பேஸை மட்டும் முணுமுணுத்தால்கூட இன்ன பாட்டு என்று கண்டுபிடித்துவிடலாம்.

இதை மேற்கத்திய இசையில் கவுண்டர்பாயிண்ட் என்பார்கள். பெரிய வார்த்தை, சின்ன விஷயம். திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது ஒருவர் பேச மற்றவர் 'ம்' போட்டால் அது ஒருவகை. நாலு பேரும் ஆளுக்கொரு விஷயம் பேசியும் யார் பேச்சும் யார் பேச்சையும் மறைக்காமல், மொத்தமாகக் கேட்டால் ஒரே உரையாடலாக இருந்தால் அது கவுண்டர்பாயிண்ட். பாக் போன்றவர்கள் ஐரோப்பாவில் முந்நூறு வருடத்துக்கு முன்னால் உச்சத்துக்குக் கொண்டுபோன கலை. இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்ற வாத்திய இசைத் தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்திருப்பது சும்மா இல்லை.

கேசியோ விஷயத்துக்கு வருவோம். ஒரிஜினலில் இருபது முப்பது வயலின்கள் வாசித்ததை இங்கே ஒருத்தர் ரெண்டு விரலில் வாசிக்கிறார். சத்தத்தின் அகலம் போய்விட்டது. ஆனால் வரி போகவில்லை. வயலின்கள் வெறுமனே இடத்தை நிரப்பியிருந்தால், கூட்டம் குறைந்ததும் அந்த இடம் ஓட்டையாகத் தெரிந்திருக்கும். இளையராஜா அங்கேயும் ஒரு மெட்டு எழுதி வைத்திருப்பதால் ஒரே ஒரு கீபோர்டு போதுமானதாக இருக்கிறது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதை அவரே நோட்ஸாக எழுதிக் கொடுப்பார் என்று படித்திருப்போம். அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த கேசட் காட்டிக் கொடுக்கிறது.

கடைசியாக 'தென்பாண்டிச் சீமையிலே', 1987, நாயகன். இதில் கீபோர்டும் டிரம்ஸும் நின்றுவிடுகின்றன. (கரண்டில் ஏதோ கோளாறு என்று மாமா சொன்னார்.) புல்லாங்குழலும் குரலும் மட்டும். இங்கே கவுண்டர்பாயிண்ட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனால் பாட்டு விழவில்லை. எந்த வாத்தியமும் இல்லாமல் ஒரு கிழவி திண்ணையில் பாடினாலும் நிற்கிற மெட்டு அது. ஒரே ஆள் ரெண்டு விதமாகவும் கட்டத் தெரிந்தவர்: எல்லா வாத்தியமும் சேர்ந்து தூக்கும் பாட்டு ஒன்று, எதுவுமே தேவைப்படாத பாட்டு இன்னொன்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ் சினிமாவில் முதன்முதலாக ஸ்டீரியோவில் பாட்டுகள் பதிவானது இளையராஜாவின் ப்ரியா (1978) படத்துக்கு. வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று என்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்தார். அதைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பெரும்பாலும் கேட்டது புளியமரத்தில் கட்டிய ஒற்றைக் குழாய் ஸ்பீக்கரில். அப்படியும் அவர் ராஜாவானார் என்றால், அந்தக் குழாயைத் தாண்டியும் ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது.

கனடாவில் ஒரு பள்ளிக்கூடம்

மட்டமான பதிவு ஒரு பெரிய இசையமைப்பாளரைக் காட்டிக்கொடுப்பது நம்ம ஊரில் மட்டும் நடந்ததல்ல. உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று கனடாவில் இருக்கிறது.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் லாங்லி என்ற ஊர். அங்கே ஹான்ஸ் ஃபெங்கர் என்ற இசை ஆசிரியர் கிராமப்புறப் பள்ளிக் குழந்தைகளுக்கு அந்தக் காலத்துப் பாப் பாட்டுகளைச் சொல்லிக் கொடுத்தார். பீச் பாய்ஸ், பால் மெக்கார்ட்னி, டேவிட் போவி பாட்டுகள். 1976இலும் 1977இலும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் குழந்தைகளை உட்கார வைத்து, எளிய கருவியில் பதிந்து, சில நூறு இசைத்தட்டுகள் மட்டும் போட்டார்கள். குழந்தைகளும் பெற்றோரும் வாங்கிக்கொண்டார்கள். அத்தோடு மறந்தும் போனது.

2000ஆம் ஆண்டு வாக்கில் பழைய சாமான் கடையில் ஒருவர் அந்தத் தட்டைக் கண்டெடுத்தார். 2001இல் 'இன்னசன்ஸ் அண்ட் டெஸ்பேர்' என்ற பெயரில் அது உலகம் முழுக்க வெளியானது. சுருதி அங்கங்கே விலகும். தாளம் தள்ளாடும். கூடத்தின் எதிரொலி எல்லாவற்றையும் மூடும். ஆனால் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் எழுதிய பாட்டுகளில் இருந்த தனிமையும் ஏக்கமும், மெருகு போன பிறகு, குழந்தைகள் குரலில் பளிச்சென்று தெரிந்தன. டேவிட் போவி தன் பாட்டைக் குழந்தைகள் செய்திருந்த விதத்தைக் கேட்டு மனம் விட்டுப் பாராட்டினார்.

லாங்லி குழந்தைகள் முதல் தட்டைப் பதிந்த அதே 1976இல்தான் இங்கே அன்னக்கிளி வெளியானது. இளையராஜாவின் முதல் படம். வருடம் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. பிரையன் வில்சன் ஸ்டுடியோவைக் கருவியாகப் பயன்படுத்திப் பெயர் வாங்கியவர். அவர் பாட்டு உடற்பயிற்சிக் கூடத்தில் பிழைத்தது ஆச்சரியம். இளையராஜா பாட்டு திருவிழா மேடையில் பிழைத்ததில் ஆச்சரியம் குறைவு. ஏனென்றால் அவர் வந்ததே அந்த மேடையிலிருந்து.

ராஜாவும் ஒரு கச்சேரிக்காரர்

பண்ணைப்புரத்து ராசய்யா 1943இல் பிறந்தவர். பதினான்கு வயது வாக்கில் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் சேர்ந்தார். பாவலர் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாட்டுகள் தோட்டத் தொழிலாளர்களிடம் எடுபட்டது இன்றும் பேசப்படும் கதை. அவர் கையாண்ட முறை சுலபமானது: மக்களுக்கு ஏற்கனவே தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் கட்சிக்கான வரிகளைப் போட்டுப் பாடுவது. மெட்டு புதிதாக இருந்தால் மக்கள் மெட்டைக் கவனிப்பார்கள். தெரிந்த மெட்டாக இருந்தால் வரியைக் கவனிப்பார்கள்.

அப்படியென்றால் இளையராஜாவின் முதல் பத்து வருடப் பள்ளிக்கூடம் எது? அடுத்தவர் மெட்டை, கையில் இருக்கும் ஒன்றிரண்டு வாத்தியத்தோடு, மைக் சரியில்லாத மேடையில், நின்று கேட்கவா போகவா என்று யோசித்துக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு முன்னால் வாசித்தது. அங்கே ஒரு மெட்டு எதனால் நிற்கிறது, எதனால் விழுகிறது என்பது அன்றன்றைக்கே தெரிந்துவிடும்.

1960களின் கடைசியில் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். சலீல் சௌத்ரி போன்றவர்களுக்குக் கிடார் வாசித்தார். அந்தக் காலத்தில்தான் வளர்ந்துவந்த பாடகர் ஒருவர் நடத்திய மெல்லிசைக் குழுவிலும் இருந்தார். ராஜா முதலில் கிடார், பிறகு ஆர்மோனியம். அண்ணன் பாஸ்கர் தாள வாத்தியம், தம்பி கங்கை அமரன் கிடார். அந்தப் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம்.

ஆக, அன்னக்கிளிக்கு முன்னால் இளையராஜா வாசித்ததில் பெரும்பகுதி மற்றவர்கள் பாட்டு. எங்க மாமா குழு 1989இல் செய்ததை அவர் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே செய்து முடித்துவிட்டார். ஆறு பேர் வாசித்தாலும் நிற்கிற பாட்டை அறுபது பேருக்கு எழுதத் தெரிந்தது அதனால்தான் என்பது என் எண்ணம். தன்ராஜ் மாஸ்டர் எழுதக் கற்றுக்கொடுத்தார். எது மிஞ்சும் என்று கற்றுக்கொடுத்தது மேடை.

காதால் படித்தவர்கள்

மாமா குழுவுக்கு நோட்ஸ் கிடையாது. "நோட்ஸ் எல்லாம் ஏது மாப்ள? டேப்பத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்க வேண்டியதுதான்" என்றார். கிடார்காரர் கிடாரை மட்டும் கேட்பார், பேஸ்காரர் பேஸை மட்டும். பேட்டரி இறங்கினால் டேப் மெதுவாகச் சுற்றி, சுருதியே இறங்கிவிடும். இறங்கின சுருதியில் ஒரு வாரம் பழகிவிட்டு, புது பேட்டரி போட்டதும் எல்லாம் மாறிப்போய்ச் சண்டை வந்ததும் உண்டாம். இளையராஜா தாளில் எழுதியதை இவர்கள் தாள் இல்லாமல் காதால் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சினிமாவில் வராத இசைக் கல்வி இது. ஆயிரக்கணக்கான ஊர்களில் நடந்திருக்கிறது.

வடக்கே இதுவே பெரிய வியாபாரமானது. குல்ஷன் குமார் 1983இல் தொடங்கிய டி-சீரீஸ், பழைய இந்திப் பாட்டுகளை வேறு பாடகர்களை வைத்துப் பாடவைத்து மலிவு கேசட்டாக விற்றது. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில், ஒரு பாட்டு பதிவாகி இரண்டு வருடம் கழித்து, முறைப்படி தெரிவித்து, ராயல்டி கட்டினால் மறுபதிவு செய்யலாம் என்று ஒரு வழி இருந்தது. ரஃபி பாட்டுகளை அப்படிப் பாடித்தான் சோனு நிகம் வெளியே தெரிந்தார். 2012 திருத்தத்தில் அந்த இரண்டு வருடம் ஐந்தானது. 'இளைய நிலா' மெட்டே 1983இல் இந்தியில் கலாகார் படத்தில் கிஷோர் குமார் குரலில் வந்து, வடக்கே கிடார் பழகுகிற பையன்கள் முதலில் வாசிக்கும் பாட்டுகளில் ஒன்றானது. இசை என்று படத்தில் இருந்த பெயர் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி.

இங்கேதான் கொஞ்சம் வலிக்கும் விஷயம் வருகிறது. 2017 மார்ச்சில், தன் ஐம்பதாண்டு நிறைவுக்காக அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கு இளையராஜாவின் வக்கீல் நோட்டீஸ் போனது. அனுமதி இல்லாமல் தன் பாட்டுகளை மேடையில் பாடக்கூடாது என்று. ஒரு காலத்தில் ஒரே குழுவில் அடுத்தவர் பாட்டை வாசித்த ரெண்டு பேர். ஊரே ரெண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. 2019 ஜூனில் ஒரே மேடையில் ரெண்டு பேரும் மறுபடி சேர்ந்தார்கள். 2020 செப்டம்பரில் எஸ்.பி.பி. நம்மை விட்டுப் போனார்.

யார் பக்கம் நியாயம்? டிக்கெட் போட்டு வசூலிக்கும் இடத்தில் படைத்தவருக்குப் பங்கு தரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உழைப்புக்குக் கூலி கேட்பது தப்பு என்று எங்க ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். 'கலாகார்' கதையைப் பார்த்தால் அவர் கோபத்துக்கும் காரணம் புரியும். ஆனால் டிக்கெட் இல்லாத கோயில் மேடை வேறு. காசு வாங்காத ரசிகர் முன்னால் பொழுதுபோக்குக் குழுக்கள் வாசிப்பதையும், மதச் சடங்கின் பகுதியாக வாசிப்பதையும் சட்டமே தனியாகத்தான் வைத்திருக்கிறது. அந்த மேடைகள் இளையராஜாவிடமிருந்து எடுத்துக்கொண்டது உண்மை. திருப்பிக் கொடுத்ததும் உண்மை. தியேட்டரில் படம் தூக்கிய பிறகும், ரேடியோ அடுத்த பாட்டுக்குப் போன பிறகும், அவர் பாட்டை ஊர் ஊராக உயிரோடு வைத்திருந்தது யார்?

இப்போது அந்தக் குழுக்கள் குறைந்துவிட்டன. திருவிழாவில் டிஜே வருகிறது. கச்சேரி என்றாலும் பல இடங்களில் பாடகர் மட்டும் வருகிறார், வாத்தியங்கள் பென் டிரைவில் ட்ராக்காக வருகின்றன. சத்தம் ஒரிஜினல் மாதிரியே சுத்தமாக இருக்கிறது. ஆனால் பேஸ் வரியைக் காதால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஆள் அங்கே யாரும் இல்லை. 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் ராயல் ஃபில்ஹார்மனிக் குழுவோடு தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது எல்லாரும் பெருமைப்பட்டோம். அந்த இசைக்குத் தாளும் இருக்கிறது, பதிவும் இருக்கிறது. அது அழியாது. எங்க மாமா குழு மாதிரி ஆட்கள் வாசித்ததற்குத் தாள் கிடையாது. அதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் பூஞ்சை பிடிக்கும் இந்த நாடாக்கள்தான்.

அதனால் நண்பர்களே, உங்கள் வீட்டு அட்டாலியில் 'கச்சேரி' என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதின கேசட் ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் பென்சிலை விட்டு நாடாவைச் சீராகச் சுற்றுங்கள், அப்புறம் டேப்பில் போடுங்கள். வயர் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும், மென்பொருள் இலவசம். ஏற்றும் முறை தெரியாதவர்கள் கேளுங்கள், சொல்லித் தருகிறேன். கேசட் உறையின் மேல் வருடம், ஊர், வாசித்தவர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கேட்க ஆள் இருக்கும்போதே.